போர்ட் எந்த வருடத்தது?

கொழும்பு மாளிகாவத்தையிலும் அதை ஒட்டிய மருதானை, தெமட்டகொடைப் பக்கங்களிலும் இருபது வயது தாண்டிய கணினியை இன்னும் வேலைக்கு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பழசின் மேல் உள்ள ஆசை காரணமில்லை. கலியாணக் கார்ட் அடிக்கும் ஒரு சின்ன அச்சகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாமினி எழுத்துருவில் வருடக்கணக்காகச் சேர்ந்த பேஜ்மேக்கர் கோப்புகள் விண்டோஸ் 98இல் திறப்பதுபோல் வேறெதிலும் ஒழுங்காகத் திறப்பதில்லை. எம்ப்ரொய்டரி மெஷினுக்கு டிசைன் அனுப்பும் பழைய மென்பொருளுக்கோ, பிரிண்டர் போர்ட்டில் செருகும் ஒரு டொங்கிள் வேண்டும். புதுக் கணினியில் அந்த இடமே இல்லை. ஆகவே அந்த மதர்போர்ட் எப்படியாவது ஓட வேண்டும்.

ஓடாமல் போகும்போது அதன் அறிகுறிகளும் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். காலையில் பட்டனை அமத்தினால் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். மூன்றாம் நான்காம் தடவை அமத்தினால் எழும்பும். அல்லது நன்றாக ஓடிக்கொண்டிருந்துவிட்டு, பெரிய படமொன்றைத் திறந்ததும் உறைந்துபோகும், தானாக ரீஸ்டார்ட் ஆகும். "விண்டோஸ் கெட்டுப்போச்சு" என்று திரும்பத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணுவார்கள். அதற்கு முன் மூடியைக் கழற்றி, புரொசெசரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகளின் தலையை டோர்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. தலை தட்டையாக இருக்க வேண்டும். கொஞ்சம் புடைத்திருந்தாலோ, கபில நிறக் கறல் கண்டிருந்தாலோ, அந்தக் கெப்பாசிட்டர் முடிந்த கதை. உச்சியில் பிளஸ் வடிவத்திலோ கே எழுத்துப் போலவோ கீறியிருப்பது அலங்காரத்துக்கல்ல. உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் அந்தக் கீறல் வழியே பிளந்துகொள்ளத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். சிலது தலையால் பிளக்காமல் அடியிலிருக்கும் ரப்பரைத் தள்ளிக்கொண்டு கசியும். அப்போது உருளை சற்றே சாய்ந்து, போர்டிலிருந்து உயர்ந்து நிற்கும்.

இந்த உருளைகள் செய்யும் வேலை இதுதான். பவர் சப்ளையிலிருந்து வரும் 5 வோல்டையோ 12 வோல்டையோ, மதர்போர்டிலுள்ள ஒரு சுற்று புரொசெசருக்கு வேண்டிய ஒன்றரை, இரண்டு வோல்டாகக் குறைக்கிறது. அந்த மின்சாரம் துடிப்புத் துடிப்பாகத்தான் வரும். புரொசெசரோ கண நேரத்தில் பல பத்து அம்பியர் கேட்கும், மறு கணம் விட்டுவிடும். இடையில் ஒரு தண்ணீர்த் தாங்கி போல நின்று துடிப்பைச் சமப்படுத்துவது கெப்பாசிட்டர். உள்ளே இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவில் திரவத்தில் ஊறிய கடதாசி, எல்லாம் சுருட்டி வைத்திருக்கும். ஒரு தாளின் மேல் படிந்திருக்கும் மெல்லிய ஒக்சைட் படலந்தான் மின்காப்பு. திரவம் காய்ந்தாலோ சிதைந்தாலோ கொள்ளளவு குறையும். அதைவிடப் பாதகமாக, ஈஎஸ்ஆர் எனப்படும் உள்தடை ஏறிவிடும். கொள்ளளவு சரியாகவே காட்டி, ஈஎஸ்ஆர் மட்டும் பத்து மடங்கு ஏறியிருக்கும் கெப்பாசிட்டர்கள் உண்டு. சாதாரண மல்டிமீட்டரை நம்பினால் அவை தப்பிவிடும். சின்னத் திரையோடு மலிவாக வரும் கொம்போனன்ட் டெஸ்டர் ஈஎஸ்ஆரையும் காட்டும். கழற்றிய பிறகு அளப்பதற்கு அது போதும்.

இனி முக்கியமான கேள்வி. பழைய போர்ட் என்றாலே எல்லாக் கெப்பாசிட்டரையும் கழற்றி மாற்று என்று சொல்பவர்கள் பலர். நான் அந்தக் கட்சியில் இல்லை. ஒவ்வொரு காலத்துப் போர்டுக்கும் ஒவ்வொரு வியாதி. வருடத்தைத் தெரிந்துகொண்டால் எதைத் தொடுவது, எதை விடுவது என்பது பாதி தீர்ந்துவிடும். தேவையில்லாமல் கழற்றும்போது பிய்ந்துபோகும் செப்புத் தடங்கள், கெப்பாசிட்டர் கசிந்து சாகும் போர்டுகளுக்குக் குறைவில்லாத எண்ணிக்கையில் பலி வாங்குகின்றன.

1980களின் முற்பகுதியிலிருந்து தொடங்குவோம். கொழும்பில் அந்தக் காலத்துக் கணினி என்றதும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கேப்ரோதான் ஞாபகம் வரும். 1983இல் அவர் கொழும்பில் இருந்தபடி, கேப்ரோ கணினியையும் ஒரு மோடத்தையும் வைத்துக்கொண்டு, ஹொலிவூட்டிலிருந்த இயக்குநர் பீட்டர் ஹயம்ஸுடன் '2010' படத்தைப் பற்றிக் கடிதம் பரிமாறினார். அந்தக் கடிதங்கள் பிறகு 'தி ஒடிசி ஃபைல்' என்று புத்தகமாகவும் வந்தன. கேப்ரோ, ஐபிஎம் பிசி, எக்ஸ்டி, பிபிசி மைக்ரோ, ஆப்பிள் டூ போன்ற அந்தத் தலைமுறைப் பெட்டிகளில், மதர்போர்டிலுள்ள அலுமினிய உருளைகள் வியக்கும்படி இன்றும் நன்றாகவே இருக்கும். அங்கே பார்க்க வேண்டியவை வேறு இரண்டு.

ஒன்று பவர் சப்ளையின் வாசலில் இருக்கும் கடதாசிக் கெப்பாசிட்டர். தேன் நிறத்தில், கண்ணாடி போல உள்ளே தெரியும் சதுரக் கட்டி. மேலே ரிஃபா என்று சுவீடன் கம்பனியின் பெயர் இருக்கும். வயது போகப்போக அந்த மேலோட்டில் மயிரிழை வெடிப்புகள் விழும். வெடிப்பு வழியே ஈரம் உள்ளே போகும். இது மெயின் கரண்டுக்குக் குறுக்கே நேராக நிற்கும் சாமான். நம்முடையது 230 வோல்ட், கொழும்புக் காற்றின் ஈரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருடம் அலுமாரியில் கிடந்த ஆப்பிளையோ பிபிசியையோ ஆசையோடு செருகிப் போட்ட பத்தாவது நிமிடம், வீடு முழுக்கப் புகையும் எரிந்த நாற்றமும் வருவது இதனால்தான். இதைச் சோதித்துப் பார்த்து நேரம் போக்கக்கூடாது. கண்டால் மாற்ற வேண்டியதுதான், அதே அளவில், எக்ஸ்2 தரம் குறித்த பிளாஸ்டிக் படலக் கெப்பாசிட்டராக. ஆனால் பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்கும் வேலை எல்லோருக்கும் உரியதல்ல. உள்ளே இருக்கும் பெரிய உருளைகளில் 320 வோல்ட் அளவுக்கு நேர்மின்சாரம் தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் சில நிமிடம் இருக்கும். பழக்கமில்லாதவர் அதை டீவி திருத்தும் ஒரு பாஸிடம் கொடுப்பது மேல்.

மற்றது டாண்டலம் கெப்பாசிட்டர். மஞ்சளாகவோ நீலமாகவோ, மழைத்துளி வடிவில், இரண்டு கால் வைத்த மணி. ஐபிஎம் பிசி, எக்ஸ்டி போர்டுகளில் 12 வோல்ட் பாதையில் 16 வோல்ட் டாண்டலத்தை வைத்திருந்தார்கள். டாண்டலத்துக்கு அந்த இடைவெளி போதாது. அது பழுதானால் முழுமையாக ஷோர்ட் ஆகும். பட்டனைப் போட்டால் விசிறி ஒரு தடவை சிலுப்பிவிட்டு நிற்கும், அல்லது சப்ளை டிக் டிக் என்று துடிக்கும். அந்த நேரத்தில் பவர் சப்ளையைக் குறை சொல்லாமல், அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டு, போர்டில் 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே தடையை அளந்து பாருங்கள். ஓரிரு ஓமே காட்டினால், அந்தப் பாதையிலுள்ள டாண்டலங்களின் ஒரு காலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தால் ஆள் பிடிபடும். 25 வோல்ட் அல்லது 35 வோல்ட் ரகத்தைப் போட்டுவிடலாம்.

அடுத்த காலம் 1980களின் கடைசியிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை. கால்கள் துளைக்குள் போகாமல், போர்டின் மேலேயே ஒட்டி நிற்கும் குட்டி அலுமினிய டப்பாக்கள் அப்போதுதான் பரவலாயின. ஆப்பிள் மேக்கின்டோஷ் எஸ்ஈ 30, கிளாசிக், எல்சி, அமீகா 600, 1200 எல்லாவற்றிலும் இவை உண்டு. அநேகமாக எல்லாமே கசியும். தலை புடைக்காது, வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அடியில் பாருங்கள்: ஈயப்பற்று பளபளப்பு இழந்து சாம்பல் நிறமாக மங்கியிருக்கும், சுற்றிலும் எண்ணெய்ப் பசை மாதிரி ஒரு ஈரம். சோல்டரிங் அயனை வைத்ததும் மீன் நாற்றம் கிளம்பும். அந்தத் திரவம் செப்புத் தடத்தை அரித்துக்கொண்டே போகும். இந்த வகைப் போர்ட் இன்று ஓடினாலும் மாற்றிவிடச் சொல்வேன்.

இதே காலத்து 286, 386, 486 போர்டுகளில் கீபோர்ட் கனெக்டருக்கு அருகே பச்சைக் களிம்பு பிடித்திருந்தால், குற்றவாளி கெப்பாசிட்டர் அல்ல. நீல நிறத்தில் பீப்பாய் போல 3.6 வோல்ட் நிக்கல் கட்மியம் பட்டரி இருக்கும். அதன் காரம் வடிந்த அடையாளம் அது. முதலில் பட்டரியை வெட்டி எறிந்துவிட்டு, வினாகிரியைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு நன்கு கழுவி உலர்த்த வேண்டும்.

அதன்பின் வருவதுதான் நம் ஊர்க் கடைகளில் அதிகம் காணும் வியாதி: 1999 தொடங்கி 2000களின் நடுப்பகுதி வரையிலான பென்டியம் 3, பென்டியம் 4, அத்லோன் போர்டுகள். உலகம் முழுவதும் அந்தப் போர்டுகளில் கெப்பாசிட்டர்கள் கூட்டம் கூட்டமாகப் புடைத்தன. ஜப்பான் ரூபிகோன் கம்பனியில் வேலை செய்த ஒருவர் சீனக் கம்பனிக்குப் போனார், அங்கிருந்து திரவத்தின் சூத்திரம் தாய்வானுக்குத் திருட்டுத்தனமாகப் போனது, போன சூத்திரம் அரைகுறையாக இருந்தது என்று 2002, 2003இல் தொழில்துறைப் பத்திரிகைகள் எழுதின. உளவுக் கதை எப்படியோ, வேதியியல் தெளிவானது. அந்தத் திரவத்தில் தண்ணீர் அதிகம். தண்ணீர் அதிகமானால் ஈஎஸ்ஆர் குறையும், விலையும் குறையும். ஆனால் தண்ணீர் அலுமினியத்தோடு சேர்ந்தால் ஐதரொட்சைட்டும் ஐதரசன் வாயுவும் உண்டாகும். அதைத் தடுக்கும் சேர்மானம் சரியாக இல்லாதபோது, வாயு சேர்ந்து தலையைப் பிளந்தது.

தாய்வான் சாமான் என்றபடியால் இப்படி, ஜப்பான் சாமான் என்றால் பயமில்லை என்று நினைப்பதற்கும் இடமில்லை. டெல் நிறுவனம் தன் ஒப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ் 270, 280 கணினிகளுக்காக 2005இல் 30 கோடி டொலர் ஒதுக்க வேண்டி வந்தது. அவற்றில் புடைத்தவை ஜப்பான் நிச்சிகோன் தயாரிப்புகள். நிச்சிகோனின் எச்எம், எச்என் வரிசைகளில் 2001 முதல் 2004 வரை செய்தவை மோசம்; அதற்குப் பின் வந்தவை நல்லவை. ஆகவே பெயரோடு வரிசை எழுத்தையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட பாவித்த கணினிகள் கொழும்பில் நிறைய விற்கப்பட்டவை என்பதால், இதை அறிந்து வைத்திருப்பது இங்கே பயன்படும்.

நல்ல கெப்பாசிட்டருக்கும் ஆயுள் உண்டு. உடலில் 105 பாகை என்றும், தரவுத்தாளில் 2000 மணி என்றும் போட்டிருந்தால், அந்தச் சூட்டில் அவ்வளவு நேரம் தாங்கும் என்று அர்த்தம். ஒவ்வொரு 10 பாகை குறையும்போதும் ஆயுள் இரட்டிப்பாகும். புரொசெசர் பக்கத்தில் 65 பாகை என்று வைத்தால் 32,000 மணி. நாளுக்கு 8 மணி ஓடினால் ஏறக்குறைய 11 வருடம். அதே கணினியைத் தகரக் கூரைக்குக் கீழே தூசி அடைத்த பெட்டியில் வைத்து 75 பாகைக்கு ஏற்றினால் ஐந்தரை வருடம். விசிறியில் படியும் தூசியைத் தட்டுவது இந்தக் கணக்கில் லேசான விசயமல்ல.

மாற்றுவது என்று முடிவெடுத்தால், கழற்றுமுன் போர்டைப் பல கோணங்களில் போனில் படம் எடுங்கள். திசைதான் இந்த வேலையின் உயிர், குழப்பம் மலிந்த இடமும் அதுதான். அலுமினிய உருளையில் பக்கவாட்டாக ஓடும் பட்டை மைனஸ் காலைக் காட்டும். மேலே ஒட்டும் குட்டி டப்பாவில் உச்சியில் கறுத்த பகுதி மைனஸ். ஆனால் டாண்டலத்தில் கோடு போட்ட பக்கம் பிளஸ்! கசிந்த அலுமினிய டப்பாவை எடுத்துவிட்டு டாண்டலம் போடுபவர்கள், கோட்டுக்குக் கோடு பொருத்தி, பட்டனைப் போட்டதும் பட்டாசு பார்ப்பது இப்படித்தான். போர்டில் அச்சடித்த வட்டத்தில் ஒரு பாதி நிரப்பியிருக்கும். பெரும்பாலான கம்பனிகளுக்கு அது மைனஸ், சில கம்பனிகளுக்குத் தலைகீழ். மல்டிமீட்டரின் ஒரு முனையைத் திருகாணித் துளையில் வைத்து எந்தக் கால் கிரவுண்டோடு சேர்கிறது என்று பார்க்கலாம். அதிலும் ஒரு விலக்கு: மைனஸ் 12 வோல்ட், மைனஸ் 5 வோல்ட் பாதைகளில் கெப்பாசிட்டரின் பிளஸ் கால்தான் கிரவுண்டுக்குப் போகும். கடைசித் தீர்ப்பு நீங்கள் எடுத்த படத்துடையது.

அளவை வாசிப்பது சுலபம். உருளையில் 1500 என்று மைக்ரோஃபரட் கணக்கும் 6.3 என்று வோல்டும் நேராகவே இருக்கும். டாண்டலத்தில் 106 என்றிருந்தால் 10க்குப் பின் ஆறு பூச்சியம், பிக்கோஃபரட்டில். அதாவது 10 மைக்ரோஃபரட். 476 என்றால் 47. கபில நிறச் சின்ன செராமிக் சில்லுகளை விட்டுவிடுங்கள், அவற்றுக்கு வயது ஒரு பொருட்டல்ல. புதிதாகப் போடுவது அதே மைக்ரோஃபரட், அதே வோல்ட் அல்லது கொஞ்சம் கூட, 105 பாகை, குறைந்த ஈஎஸ்ஆர். குறுக்களவும் பொருந்த வேண்டும்: 8 மில்லிமீற்றர் உருளைக்குக் கால் இடைவெளி 3.5, 10 மில்லிமீற்றருக்கு 5. ஒரு பருத்த உருளை ஹீட்சிங்க் கொழுவும் இடத்தை மறித்துக்கொண்டால் எல்லாம் வீண்.

வாங்கப் போகும் இடம் பெரும்பாலும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. அங்கே நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"நானா, 1500, 6.3 வோல்ட், லோ ஈஎஸ்ஆர் இரிக்கா?"

"1000, 16 வோல்ட் தாரன் தம்பி. ஈஎஸ்ஆர் கீஎஸ்ஆர் எல்லாம் பார்த்து யாவாரம் செய்ய ஏலாது."

அவரில் பிழையில்லை. அம்பிளிஃபயருக்கும் டீவிக்கும் போகும் சாதாரண 85 பாகை சாமான்தான் அதிகம் விலைப்படும். அதை புரொசெசர் பக்கத்தில் போட்டால் புது உருளை, பழைய வருத்தம். தேடிப் பார்த்தால் பானசோனிக்கின் எஃப்ஆர், எஃப்எம், ரூபிகோனின் வரிசைகள் கிடைக்கும்; இல்லாவிட்டால் வெளியிலிருந்து தருவிக்க வேண்டும். பெயர் பெற்ற கம்பனியின் உறையை மாட்டிய போலியும் உலாவுகிறது. டெஸ்டரில் ஒன்றை வைத்துப் பார்க்காமல் பத்து வாங்காதீர்கள்.

கழற்றுவதில் பொறுமை வேண்டும். மதர்போர்டில் பெரும்பாலும் நான்கு அடுக்கு செப்பு இருக்கும். கிரவுண்ட் கால் உள்ளே ஒரு முழு அடுக்கோடு சேர்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ரேடியோ வேலைக்கான 25 வாட் அயன் இங்கே திணறும். 60 வாட், நுனி தட்டையாகவும் பருமனாகவும் இருப்பது நல்லது. முதலில் பழைய ஈயத்தின் மேல் புது ஈயமும் ஃபிளக்ஸும் சேர்த்து உருக்குங்கள். புதியது சேர்ந்தால் பழையது சீக்கிரம் இளகும். பின்புறத்திலிருந்து ஒரு காலைச் சூடாக்கி, முன்புறத்தில் உருளையை மெல்ல ஒரு பக்கம் சாய்க்க வேண்டும். பிறகு மற்றக் கால், மற்றப் பக்கம். மாறி மாறிச் சாய்த்தால் தானாக நடந்து வெளியே வரும். வராவிட்டால் இன்னும் சூடு பத்தவில்லை. இழுத்தால் துளைக்குள் இருக்கும் செப்புக் குழாயும் சேர்ந்து வந்துவிடும்.

துளையை அடைத்து நிற்கும் ஈயத்தை எடுப்பதுதான் கழற்றுவதைவிடக் கஷ்டம். ஈயம் உறிஞ்சும் சக்கரோ, ஃபிளக்ஸ் தடவிய செப்புப் பின்னலோ முயன்று பாருங்கள். பிடிவாதமான துளையில், ஈயம் உருகியிருக்கும்போதே மறுபக்கத்திலிருந்து ஒரு பல்குத்தியைச் செருகினால் வழி விடும். துரப்பணத்தால் துளைப்பது மட்டும் கூடாது. துளைச் சுவரிலுள்ள செப்பு போய், உள்ளடுக்குத் தொடர்பும் அறுந்துவிடும்.

மேலே ஒட்டிய டப்பாக்களைத் திருகிப் பிடுங்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அரித்துப்போன தடத்தில் அது சூதாட்டம். ஹொட் எயர் இருந்தால் அதைப் பாவியுங்கள். இல்லாவிட்டால் டப்பாவின் மேற்பாகத்தை வெட்டுக் குறட்டால் மெல்ல வெட்டிவிட்டு, எஞ்சிய கால்களை ஒவ்வொன்றாக அயனால் எடுங்கள். அந்த இடத்தை ஐசோபுரோப்பில் அற்ககோலால் பழைய பல் தூரிகை வைத்துத் தேய்த்து, ஈயம் பளிச்சென்று ஒட்டும் வரை சுத்தம் செய்ய வேண்டும். பழைய கசிவின் மேல் புதியதைப் பற்ற வைத்தால் அரிப்பு அடியில் தொடரும்.

எல்லாம் போட்டு முடிந்ததும் உடனே கரண்ட் கொடுக்காமல், 5 வோல்ட், 12 வோல்ட், புரொசெசர் பாதைகளுக்கும் கிரவுண்டுக்கும் இடையே தடையை அளந்து பாருங்கள். புரொசெசர் பாதை இயல்பாகவே சில ஓம் காட்டலாம், அதற்குப் பதற வேண்டாம். மற்றவை ஷோர்ட் காட்டக்கூடாது. பவர் சப்ளையின் 5 வோல்ட் 4.75க்கும் 5.25க்கும் இடையில் நிற்கிறதா என்றும் பாருங்கள். பழைய சப்ளையின் கெப்பாசிட்டர்களும் போர்டின் வயதுதான். அது அலைந்தால் புதுச் சாமானையும் கெடுக்கும். ஹார்ட் டிஸ்கைக் கொழுவாமல், ரேம் ஒன்றோடு எழுப்பி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்டை ஓர் இரவு ஓடவிடுங்கள். அச்சகத்தின் கோப்புகள் இருக்கும் டிஸ்கைப் பிறகு மாட்டலாம். அதையும் முதல் வேலையாகப் பிரதி எடுத்துக்கொண்டு.

2006ஐ ஒட்டிய வருடங்களிலிருந்து நல்ல போர்டுகளில் திண்மப் பொலிமர் கெப்பாசிட்டர்கள் வரத் தொடங்கின. உச்சியில் கீறல் இல்லாமல், நிற அடையாளத்தோடு மொட்டையாக இருக்கும். உள்ளே திரவம் இல்லை, காய்வதற்கும் ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட போர்ட் எழும்பாவிட்டால் அயனை எடுக்காதீர்கள். முதலில் நாணய வடிவப் பட்டரியை மாற்றுங்கள், ரேமைக் கழற்றி அதன் தங்க விளிம்பை அழிறப்பரால் துடைத்துப் போடுங்கள், வேறொரு சப்ளையை மாட்டிப் பாருங்கள்.